சேலத்துப் பழங்கட்டடங்களின் வரலாற்றைத் தேடிக் கண்டறியும் முறை

செவ்வாய்ப்பேட்டையின் மண்டிக் கட்டடமாக இருந்தாலும், அம்மாப்பேட்டையின் நெசவாளர் வீடாக இருந்தாலும், ஏற்காட்டுக் காபித் தோட்டத்துப் பங்களாவாக இருந்தாலும், அதன் வரலாற்றைத் தேடப் புகுவோர் முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன்மேல் நிற்கும் கட்டடத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. பத்திரமும் பட்டாவும் பெரும்பாலும் மண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையே சொல்லும். சுவர் எழும்பிய காலத்தைச் சுவரிடம்தான் கேட்க வேண்டும். 1860இல் மனை வாங்கிய குடும்பம் 1905இல் வீடு கட்டியிருக்கலாம். 1905இல் கட்டிய வீட்டை இடித்துவிட்டு 1938இல் வேறொன்று எழுப்பியிருக்கலாம். இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியே தொகுத்து, பிறகு ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே இந்த வேலையின் சாரம்.

தேடும் திசையும் முக்கியமானது. "திப்பு சுல்தான் காலத்துக் கட்டடம்", "இங்கிருந்து கோட்டைக்குச் சுரங்கம் போகிறது" என்ற ஊர்ப் பேச்சிலிருந்து தொடங்கினால், அந்தப் பேச்சுக்கு ஒத்துவருவது மட்டுமே கண்ணில் படும். இன்றைய நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்வதே பத்திரமான வழி. சேலம் பகுதி 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. ஆகவே திப்பு காலம் என்று சொல்லப்படும் கட்டடம் அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருந்தாக வேண்டும். கூரையில் இரும்பு உத்திரம் ஓடும் கட்டடத்துக்கு அப்படிச் சொல்வது பொருந்தாது.

கட்டடத்தைப் படிப்பது

உரிமையாளரின் அனுமதியைப் பெற்று, ஒரு பகல் முழுவதும் கட்டடத்துக்குள் செலவிடுங்கள். அளவு நாடா, டார்ச் விளக்கு, கோடு போட்ட நோட்டு, கைப்பேசிக் கேமரா ஆகியவை போதும். முதலில் தரைப்படம் ஒன்றைக் கையால் வரைந்து, ஒவ்வொரு சுவரின் கனத்தையும் அளந்து அதில் குறியுங்கள். வீட்டின் நடுவே வெளிச்சுவரின் கனத்தில் ஒரு சுவர் ஓடினால், அது ஒரு காலத்தில் வெளிச்சுவராகவே இருந்து, பிறகு கட்டடம் அதைத் தாண்டி விரிந்திருக்க வாய்ப்புண்டு. இவ்வளவு எளிய அளவீடு பல பத்திரங்கள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

நிலைவாசலையும் அதன் மேற்கட்டையையும் நிதானமாகப் பாருங்கள். பல அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் ஆண்டுக் குறிப்பு ஒளிந்திருப்பது வழக்கம்; டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளங்கள் நிழலாய்த் தெரியும். கிறித்தவ ஆண்டு இல்லாமல் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. "சார்வரி வருஷம் தை மாதம்" என்று இருந்தால் 1841, 1901, 1961 ஆகிய மூன்றும் பொருந்தும்; மரத்தின் வேலைப்பாடும் எழுத்தின் வடிவமும்தான் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவும். சாலிவாகன சகாப்தம் கொடுத்திருந்தால் 78ஐக் கூட்ட வேண்டும். கலியுக ஆண்டு கொடுத்திருந்தால் 3101ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலும் ஓராண்டு முன்பின் ஆகலாம். தமிழ் எண்களில் ௲௯௱௧ என்று பொறித்திருந்தால் அது 1901 ஆகும். ஆயிரத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் இருப்பதை அறியாதவர்கள் இதை வேறு எதுவாகவோ படித்துவிடுகிறார்கள்.

கூரை ஓட்டைத் திருப்பிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதில் தவறான முடிவுக்கு வருவதும் அடிக்கடி நடக்கிறது. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓடுகளில் 1865 என்ற ஆண்டு பதிந்திருப்பதைக் கண்டதும் வீடு அந்த ஆண்டில் கட்டியது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த முத்திரை, ஓடு அந்த ஆண்டுக்குப் பிற்பட்டது என்பதை மட்டுமே நிறுவும். முதல் உலகப் போரின்போது அந்த ஆலைகள் மிஷனின் கையைவிட்டுப் போய், பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் வசம் வந்தன. ஆகவே காமன்வெல்த் என்ற முத்திரை இருந்தால் அந்த ஓடு போருக்குப் பிற்பட்டது. ஓடு மாற்றுவது வீட்டில் அடிக்கடி நடக்கும் வேலை என்பதால், ஓரிரு ஓடுகளை மட்டும் பார்க்காமல், மழை அதிகம் படாத உட்பக்க ஓடுகளையும் பார்ப்பது நல்லது.

இரும்பு உத்திரங்கள் இதைவிட நம்பகமானவை, ஏனென்றால் வீட்டைப் பிரிக்காமல் அவற்றை மாற்ற முடியாது. உத்திரத்தின் நடுத்தகட்டில் உருட்டாலையின் பெயர் புடைப்பாக இருக்கும். டார்மன் லாங் என்றிருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்தது. டாட்டா என்றிருந்தால் 1912க்கு முன்பாக இருக்க வாய்ப்பில்லை, ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்கி உருட்டத் தொடங்கியதே அப்போதுதான். பழைய தண்டவாளத்தையே உத்திரமாகப் போட்டிருந்தால், ரயில் சேலத்தைத் தொட்ட 1861க்குப் பிறகு, தேய்ந்த தண்டவாளம் விற்பனைக்கு வரும் அளவுக்குக் காலம் கழிந்திருக்க வேண்டும். இரும்பே இல்லாமல், தேக்கு உத்திரத்தின்மேல் மரச்சட்டம் பரப்பி, சிறு செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லி கெட்டித்து, தட்டை ஓடு பதித்த மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால், அது இன்னும் பழையதாக இருக்கலாம். ஆனாலும் இந்தத் தளம் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் போடப்பட்டு வந்ததால், அதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லக் கூடாது.

கட்டடம் எதற்காகப் பயன்பட்டது என்பதைத் தரை சொல்லும். அம்மாப்பேட்டை, குகை போன்ற நெசவுப் பகுதிகளின் பழைய வீடுகளில் முன்கூடத்தின் தரையில் நீள்சதுரமாக ஒட்டுப் போட்டது போன்ற பகுதி தெரிந்தால், அது மூடிய தறிக்குழியாக இருக்கலாம். நெசவாளர் காலை இறக்கி மிதிக்கும் இடம் அது. அந்த ஒட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் அந்த வீட்டில் எத்தனை குழித்தறிகள் ஓடின என்பதைக் காட்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வணிகக் கட்டடங்களில் அகன்ற வாசலும், மூட்டை உரசித் தேய்ந்த தூண்களும், மாடிக்கு மூட்டை ஏற்றிய கப்பிக் கொக்கியும் இதுபோலவே பேசும். சுவரின் உப்புப் பூத்த இடங்களையும், அடைத்த வாசல்களையும், பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் மூலைகளையும் படமெடுங்கள். பார்ப்பதற்காகப் பூச்சைச் சுரண்டவோ தரையைத் தோண்டவோ வேண்டாம். பழுதுபார்க்கும்போது தற்செயலாகக் காசோ நகையோ மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு.

பத்திரக் கட்டு

உரிமையாளரிடம் இருக்கும் பத்திரக் கட்டுதான் இந்தத் தேடலின் நெஞ்சு. இன்றைய கிரயப் பத்திரத்தை எடுத்து, அதில் "எனக்குக் கிடைத்த விதம்" என்று சொல்லும் பகுதியைப் படித்தால் முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் கிடைக்கும். அதிலிருந்து அதற்கு முந்தையது. இப்படியே மூலப் பத்திரம் வரை போகலாம். எழுத்து மங்கிய, ஓரம் கிழிந்த முத்திரைத்தாளில் தேதி போய்விட்டிருந்தால், அதிலுள்ள அரச உருவத்தைப் பாருங்கள். விக்டோரியா என்றால் 1901க்கு முன். ஏழாம் எட்வர்டு என்றால் 1901 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1936 வரை. ஆறாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பிறகு. முத்திரைத்தாள் வாங்கி வைத்துப் பிறகு எழுதுவதும் உண்டு என்பதால், முத்திரைத்தாள் விற்றவரின் கையெழுத்துக்கு அருகிலுள்ள தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய பத்திரத் தமிழில் சுருக்கக் குறிகள் மிகுதி. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்த ஐந்தையும் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் தீரும். வரி தொடர்பான தாள்களில் வரும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்ட வேண்டும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில்தான் கட்டடம் தலைகாட்டும். ஒரு பத்திரத்தில் "காலி மனை" என்றும், அதற்கு அடுத்ததில் "ஓட்டு வில்லை வீடு, கதவு நிலவு சகிதம்" (கதவு, நிலைகளோடு கூடிய ஓட்டு வீடு) என்றும் இருந்தால், இவ்விரு பத்திரங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வீடு எழும்பியது என்று துணிந்து சொல்லலாம். இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பத்திர எழுத்தர்கள் முந்தைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே படியெடுப்பது வழக்கமாதலால், வீடு கட்டி நெடுநாள் ஆனபிறகும் "காலி மனை" என்றே எழுதிப் போயிருப்பார்கள். எனவே விவரம் மாறாமலிருப்பதை ஆதாரமாக எடுக்காமல், விவரம் மாறிய இடத்தை ஆதாரமாக எடுங்கள். இந்த விஷயத்தில் கிரயப் பத்திரத்தைவிட அடமானப் பத்திரம் மேலானது என்பது என் கருத்து. கடன் கொடுப்பவர் எதன்பேரில் கொடுக்கிறோம் என்பதை நேரில் பார்த்து எழுத வைத்திருப்பார். அதைவிடவும் மேலானது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும்போது, நடை யாருக்கு, கூடத்தின் கீழ்பாதி யாருக்கு, சமையல்கட்டு யாருக்கு, கிணற்றில் எத்தனை பங்கு, பொதுச்சுவர் எது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதுவரை அடி அளவோடு எழுதியிருப்பார்கள். அந்த விவரத்தை உங்கள் தரைப்படத்தின்மேல் பொருத்திப் பார்த்தால், அன்றைய வீட்டில் எது இருந்தது, எது பிறகு வந்தது என்பது அறை அறையாகத் தெளியும்.

வீட்டின் பத்திரமே இல்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பத்திரத்தில் உங்கள் கட்டடம் நான்கெல்லையில் ஒன்றாக வந்திருக்கும். "இதற்கு வடக்கு இன்னாருடைய மெத்தை வீடு" என்று ஒரு வரி இருந்தால், அந்த ஆண்டில் மெத்தை வீடு, அதாவது மாடி வீடு, நின்றது என்பதற்கும், அது யாருடையது என்பதற்கும் சாட்சி கிடைத்துவிடுகிறது. வேறெந்த நோக்கமும் இல்லாமல் எழுதிய வரி என்பதால் அதன்மீது எனக்கு நம்பிக்கை கூடுதல்.

அலுவலகங்களில் தேடுவது

வில்லங்கச் சான்று பொதுவாக 1975 முதல் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அசையாச் சொத்து ஆவணங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. அட்டவணைகள் இரண்டு, ஒன்று ஆட்களின் பெயர்வழி, மற்றது ஊரும் புல எண்ணும் (சர்வே எண்) வழி. பழைய புல எண் தெரியாதபோது பெயர்வழி அட்டவணையே கைகொடுக்கும். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை பலமுறை மாறியிருப்பதால், அந்தத் தெரு அந்தந்த ஆண்டில் எந்த அலுவலகத்தின்கீழ் இருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயங்களைப் பதிவு செய்யாமலேயே முடிக்கச் சட்டம் இடம் தந்திருந்ததால், எளிய வீடுகளின் தொடக்கக் காலம் பதிவில் இல்லாமலும் போகலாம்.

நகர எல்லைக்குள் இருக்கும் இடத்துக்கு நகர அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், நகர அளவை எண் ஆகியவை இருக்கும். அந்த எண்ணுக்கு நேரான பழைய புல எண்ணைக் கேட்டு வாங்குவது இன்றியமையாதது, பழைய பத்திரங்களுக்குள் நுழையும் வழி அதுதான். அ-பதிவேட்டை, அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டைப் பெறும்போது, 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பணிக்கு முந்தையதையும் சேர்த்துக் கேளுங்கள். கிராம நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு நிலத்தில் நிற்கும் வீடு என்றால், நத்தம் நிலவரித் திட்டத்துக்கு முன் தனித்தனி வீட்டுக்கு வருவாய்த்துறைப் பதிவு இராது. வீட்டுவரி ரசீதையும் பத்திரத்தையுமே நம்ப வேண்டும். முதல் அக்ரஹாரம், இரண்டாம் அக்ரஹாரம் போன்ற தெருக்களிலும் கோயில், மசூதி சூழ்ந்த இடங்களிலும் இனாம் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். 1858இல் அமைந்த இனாம் கமிஷன், யாருக்கு, யாரால், எந்தப் பணிக்காக மானியம் தரப்பட்டது என்று விசாரித்து எழுதியது.

சேலம் நகராட்சி 1866இல் தோன்றி 1994இல் மாநகராட்சி ஆனது. சொத்துவரிக் கேட்புப் பதிவேட்டில் ஒரு கதவு எண்ணின் வரி திடீரென்று உயர்ந்திருந்தால், கட்டடம் விரிவடைந்ததற்கோ மாடி எழும்பியதற்கோ அது தடயம். பொது வரி உயர்வா என்பதை அறிய, அதே தெருவின் மற்ற வீடுகளையும் பார்த்துவிடுங்கள். கதவு எண்கள் பலமுறை மாறியவை. மூலைவீடு, கோயில், பள்ளிவாசல் போன்ற மாறாத கட்டடத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவதே உறுதியான வழி. கேட்ட பதிவேட்டைக் காட்ட அலுவலகம் தயங்கினால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். "இந்த வீட்டின் வரலாறு வேண்டும்" என்று எழுதாமல், பதிவேட்டின் பெயர், ஆண்டு, வார்டு, கதவு எண் ஆகியவற்றைச் சொல்லி நகல் கேட்க வேண்டும்.

மாவட்ட அளவிலான பின்னணிக்கு, லெ ஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு கெஜட்டியரும் முதன்மையானவை. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் அரசாணைகளும் கிடைக்கும். அரசுக் கட்டடம், பள்ளி, சத்திரம், மிஷன் இடம் ஆகியவற்றுக்கு அங்கே போவது தவிர்க்க முடியாதது, தனியார் வீட்டுக்கு அவ்வளவாகப் பயன்படாது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்ததால், பழைய ஆவணத்தில் "சேலம் ஜில்லா" என்பது ஓசூர் வரை நீளும். ஊரின் பெயரை மட்டும் நம்பாமல் தாலுகாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு மட்டும் உரியவை

சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். தோட்ட பங்களாக்களின் வரலாறு அதையொட்டித் தொடங்குகிறது. இங்கே கட்டடத்தைத் தேடுவதைவிடத் தோட்டத்தைத் தேடுவது எளிது, ஏனென்றால் பங்களா தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறியது. தோட்டத்தின் பெயர் ஒவ்வொரு கைமாற்றத்திலும் மாறியிருக்கலாம். புல எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர் மாறினாலும் வழி தவறாது. துரைமார் குடும்பங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிய தேவாலயப் பதிவேடுகளில் ஆளின் தொழிலும் வசித்த இடமும் இருக்கும். சென்னை மாகாணப் பதிவேடுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கல்லறைக் கற்களைப் படிக்கும்போது தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். கம்பித் தூரிகையோ அமிலமோ எழுத்தை என்றென்றைக்குமாக அழித்துவிடும்.

தோட்டக்காரர்களின் தாள்களில் மலையாளி மக்கள் (இந்த மலையின் பழங்குடியினர், கேரளத்தார் அல்லர்) கூலிக் கணக்கில்தான் வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். சேல நாடு, மொகா நாடு, முத்து நாடு என்று தங்கள் மலையைப் பகுத்து வாழ்ந்த அந்த மக்களின் நிலத்தின்மேல்தான் தோட்டங்கள் வந்தன. அந்தப் பங்களா எழும்புமுன் அங்கே என்ன இருந்தது, கல்லைச் சுமந்தவர்கள் யார், பழைய பாதை எந்த ஊர் வழியாக ஏறியது என்பதைப் பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல் எழுதும் பங்களா வரலாறு பாதிக்கு மேல் குறையுடையது என்றே நான் கருதுகிறேன்.

பெரியவர்களிடம் கேட்பது

"இது எந்த வருஷம் கட்டினது?" என்று கேட்டால், பெரியவர்கள் மரியாதைக்காக ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். "அய்யா, மேட்டூர் அணை கட்டும்போது இந்த மாடி இருந்ததா? உங்க அப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டால் 1925க்கும் 1934க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றிய பதில் கிடைக்கும். "அம்மா, நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ சமையல்கட்டு எங்க இருந்துச்சு?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது, பெண்களிடம் கேட்காமல் போவதால்தான் வீடுகளின் உள்வரலாறு அழிகிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் தொடங்கிய 1930களின் நடுப்பகுதி, 1942இல் குண்டு பயத்தால் சென்னையிலிருந்து மக்கள் வெளியூர்களுக்கு வந்தது, அணா போய் நயா பைசா வந்த 1957 ஆகியவையும் நல்ல காலக்கற்கள். தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியதால் அது இப்போது வழிவழிக் கேள்வியாகவே கிடைக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் தாமே கண்டதா, கேட்டதா என்ற ஒரு குறிப்பு ஒவ்வொரு செய்திக்கும் அருகில் இருக்க வேண்டும். பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள்; பங்காளிச் சண்டை, கடன், ஜப்தி போன்றவை வந்தால் குடும்பத்தார் விரும்பாதவரை வெளியில் எழுத வேண்டாம்.

விடுதலைப் போராட்டத் தலைவர் விஜயராகவாச்சாரியார் வந்துபோன வீடு, ராஜாஜி குடியிருந்த வீடு என்ற செய்திகள் சேலத்தில் நிறைய உண்டு. அவற்றை ஏளனமாகத் தள்ளவும் கூடாது, அப்படியே ஏற்கவும் கூடாது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அந்த ஆண்டுகளில் அந்தக் கதவு எண்ணுக்கு வரி கட்டியவர் யார், வாடகைக்கு விடப்பட்டிருந்ததா என்று பார்த்தால் செய்தி நிற்கிறதா விழுகிறதா என்பது தெரிந்துவிடும்.

எழுதி வைப்பது

கிடைத்தவற்றை ஆண்டுவரிசையில் ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரத்தை எழுதுங்கள்: பத்திர எண், ஆண்டு, அலுவலகம், அல்லது சுவரின் எந்தப் பகுதி, எந்தப் படம், அல்லது யார் சொன்னது, எந்த நாளில். மண்ணின் வரலாற்றுக்கு ஒரு நிறமும் கட்டடத்தின் வரலாற்றுக்கு இன்னொரு நிறமும் கொடுத்தால், எங்கே ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது, எங்கே முரண்படுகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். முரண்பட்டால் முதலில் அடையாளம் சரியா என்று பாருங்கள். பெரும்பாலும் பத்திரம் பொய் சொல்லியிருக்காது, நாம் பக்கத்து மனையின் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருப்போம். ஆண்டு உறுதிப்படாத இடத்தில் "சுமார் 1890" என்று எழுதுவதைவிட "1887க்கும் 1896க்கும் இடையில்" என்று இரு எல்லைகளையும் ஆதாரத்தோடு எழுதுவது நேர்மையானது. பின்னால் வருபவர் அந்த எல்லைகளை இன்னும் நெருக்க முடியும்.

முடிந்ததும் மூன்று படிகள் எடுங்கள். ஒன்று உரிமையாளரின் பத்திரக் கட்டோடு இருக்கட்டும், வீடு விற்றால் அதோடு சேர்ந்து போகும். ஒன்று உங்களிடம். மூன்றாவதை, உரிமையாளர் சம்மதித்தால், மாவட்ட மைய நூலகத்திலோ பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். தரைப்படத்தையும் சுவர் அளவுகளையும் அந்தப் படியில் சேர்க்க மறக்க வேண்டாம். கட்டடம் இடிபட்டுப்போனால் மறுபடி எடுக்க முடியாதவை அவை மட்டும்தான்.